ஸ்டோரி மேப் போட்டும் முதல் ரிலீஸிலேயே எல்லாம் வந்து நிற்கிறது. கோட்டை எங்கே போடுவது?

தேன்சிட்டு:
வணக்கம். சிறிய கிளினிக்குகளுக்கான அப்பாயிண்ட்மென்ட் மென்பொருள் ஒன்றைக் கட்டிக்கொண்டிருக்கிறோம். 4 டெவலப்பர்கள், ஒரு டெஸ்டர், ஒரு டிசைனர், எதை எப்போது கட்டுவது என்று முடிவு செய்யும் ப்ராடக்ட் ஓனராக நான். பேக்லாக் (செய்ய வேண்டிய வேலைகளின் பட்டியல்) நீண்டுகொண்டே போய், எந்த ஸ்டோரி (பயனருக்கு வேண்டிய ஒரு சின்ன வசதி) எதோடு சேர்ந்தது என்று யாருக்கும் பிடிபடவில்லை. அதனால் எல்லோரும் உட்கார்ந்து ஸ்டோரிகளை அட்டைகளாக அடுக்கிக் காட்டும் யூசர் ஸ்டோரி மேப் ஒன்று போட்டோம். மிரோ என்ற ஆன்லைன் பலகையில் மேல் வரிசை இப்படி இருக்கிறது:

லாகின் | நோயாளி விவரம் | மருத்துவர் விவரம் | அப்பாயிண்ட்மென்ட் | கட்டணம் | எஸ்எம்எஸ் | ரிப்போர்ட் | அட்மின்

ஒவ்வொன்றுக்கும் கீழே ஸ்டோரிகளை அடுக்கிவிட்டோம். பார்க்க ஒழுங்காகத்தான் இருக்கிறது. ஆனால் முதல் ரிலீஸில் வருபவை மேலே, மற்றவை கீழே என்று பிரிக்கக் குறுக்கே கோடு போட ஆரம்பித்தால், எந்த அட்டையைத் தொட்டாலும் "இது இல்லாமல் எப்படி வெளியிடுவது?" என்று யாராவது கேட்கிறார்கள். கோடு கீழே இறங்கி இறங்கி மேப்பின் அடிக்கே போய்விட்டது. டெவலப்பர்கள் வேறு யோசனை சொல்கிறார்கள்: லாகினை முழுதாக முடிப்போம், பிறகு நோயாளி விவரம், அப்படியே ஒவ்வொன்றாகப் போவோம் என்று. அப்படிச் செய்தால் கடைசி வரை கிளினிக்கில் யாரும் எதையும் பயன்படுத்திப் பார்க்க முடியாதே என்பது என் கவலை.

கோட்டை எங்கே போடுவது? லாகின் எங்கே போகும்? நோயாளி, வரவேற்பாளர், மருத்துவர் என மூன்று பேர் பயன்படுத்துவதால் மூன்று மேப் வேண்டுமா?

குறுநிரல்:
கோட்டுக்கு முன்னால் மேல் வரிசையைப் பாருங்கள். அதில் இருப்பவை மென்பொருளின் மாட்யூல்கள், அதாவது தனித்தனிப் பகுதிகள். ஒரு மனிதர் செய்யும் காரியம் என்று ஒன்றுகூட இல்லை. மாட்யூலைக் குறுக்கே வெட்ட முடியாது, ஏனென்றால் பாதி அட்மின் என்றால் என்ன என்று யாராலும் சொல்ல முடியாது. அதனால்தான் எதைத் தொட்டாலும் "முழுதாக வேண்டும்" என்கிறார்கள்.

ஒரு வேலை செய்யுங்கள். மென்பொருள் என்ற பேச்சையே எடுக்காமல், ஒரு கிளினிக்கில் ஒருவர் நேரம் வாங்குவதிலிருந்து பார்த்துவிட்டுப் போகும் வரை யார் என்ன செய்கிறார்கள் என்று வரிசையாக இங்கே எழுதுங்கள். "அப்புறம் என்ன?" என்று கேட்டுக்கேட்டு எழுதினால் போதும்.

தேன்சிட்டு:
சரி, குழுவோடு பேசி எழுதியது இது:

மருத்துவர் எந்தெந்த நேரம் இருப்பார் என்பதை வரவேற்பாளர் குறித்து வைக்கிறார் → நோயாளி போனில் கேட்கிறார் → காலியாக உள்ள நேரத்தை வரவேற்பாளர் பார்த்துச் சொல்கிறார் → நோயாளி ஒன்றைத் தேர்ந்தெடுத்துப் பெயர், எண் தருகிறார் → அன்று நேரில் வருகிறார் → வந்துவிட்டார் என்று வரவேற்பாளர் குறிக்கிறார் → மருத்துவர் அடுத்தவரை அழைத்துப் பார்க்கிறார் → நோயாளி கட்டணம் கட்டுகிறார் → தேவைப்பட்டால் அடுத்த வருகைக்கு நேரம் வாங்குகிறார்

இப்போது இவை எல்லாமே ஒரு நோட்டுப் புத்தகத்தில்தான் நடக்கின்றன.

குறுநிரல்:
அருமை. இதுதான் உங்கள் முதுகெலும்பு. பழைய மேல் வரிசையைக் கழற்றிவிட்டு இதை மாட்டுங்கள். ஸ்டோரி மேப்பைப் பரவலாக்கிய ஜெஃப் பேட்டன் 2005லேயே எழுதியதன் சாரமும் இதுதான்: இடமிருந்து வலமாகக் கதை ஓட வேண்டும், மேலிருந்து கீழாக அவசியம் குறைந்துகொண்டே போக வேண்டும். பட்டியலாக இருக்கும் பேக்லாக்கில் முதல் திசை காணாமல் போய்விடுகிறது.

இனி ஒவ்வொரு படியிலும் "இதை மிக எளிமையாக எப்படி நடத்தலாம்?" என்று கேளுங்கள். மருத்துவரின் நேரம்: திரை வேண்டாம், டெவலப்பர் ஒருவர் டேட்டாபேஸில் நேராகப் போட்டுவிடலாம். நேரம் கேட்பது: இப்போது போலவே போன். காலி நேரம்: ஒரு நாளைக் காட்டும் ஒரே திரை. விவரம்: பெயரும் போன் எண்ணும் மட்டும். வருகை: ஒரு டிக். மருத்துவர் அழைப்பது: அதே திரையைப் பார்த்து வரவேற்பாளரே வாயால் அழைக்கட்டும். கட்டணம்: மென்பொருளுக்கு வெளியே, இன்று எப்படியோ அப்படியே. அடுத்த வருகை: மறுபடி அதே திரை.

இப்படி வரிசை முழுக்க மெல்லிதாக ஓடும் ஒன்று கிடைத்துவிட்டதல்லவா? மென்பொருள் நிபுணர் அலிஸ்டர் காக்பர்ன் இதை நடக்கும் எலும்புக்கூடு (walking skeleton) என்பார். நோயாளி மென்பொருளைத் தொடவே இல்லை, எஸ்எம்எஸ் இல்லை, ரிப்போர்ட் இல்லை. ஆனாலும் ஒரு முழு நாளை இதை வைத்து ஓட்ட முடியும்.

பின்கட்டு:
டெவலப்பர் பக்கத்திலிருந்து ஒரு மறுப்பு. லாகினை முதலில் முடிப்போம் என்று அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. யாருக்கு என்ன அனுமதி என்பதைக் கடைசியில் சேர்க்கப்போனால் ஒவ்வொரு ஏபிஐயையும் (மென்பொருளின் பாகங்கள் ஒன்றோடொன்று பேசும் வழி) மறுபடி திறக்க வேண்டியிருக்கும். அதுவும் இது நோயாளிகளின் விவரம்.

குறுநிரல்:
ஒத்துக்கொள்கிறேன், ஆனால் "முதலில்" என்பதும் "முழுதாக" என்பதும் வேறு வேறு. முதல் கோட்டுக்குள் லாகினும் மெல்லிதாக வரட்டும்: வரவேற்பாளருக்கு ஒரு கணக்கு, கடவுச்சொல், ஒவ்வொரு கோரிக்கையும் அனுமதிச் சோதனையைத் தாண்டித்தான் போகும் என்ற அமைப்பு. கடவுச்சொல் மறந்தால் மீட்பது, இரண்டடுக்குச் சரிபார்ப்பு, பல கிளைகளுக்கான அனுமதி எல்லாம் கீழே இறங்கலாம். யாரும் லாகின் செய்வதற்காகக் கிளினிக்குக்கு வருவதில்லை. அதனால் அதற்கு முதுகெலும்பில் இடம் வேண்டாம், முதலில் தேவைப்படும் படியின் கீழே ஓர் அட்டையாகத் தொங்கினால் போதும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஒரு மாட்யூலை முழுதாக முடித்துவிட்டு அடுத்ததற்குப் போகும்போது, பாகங்கள் ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா என்பது கடைசியில்தான் தெரியவரும். அனுமதிச் சோதனை உட்பட எல்லா அடுக்குகளும் ஒரு தடவை இணைந்து ஓடிவிட்டால் அந்த ஆபத்து தொடக்கத்திலேயே வெளியே வந்துவிடுகிறது. பின்கட்டு கவலைப்படும் விஷயத்துக்கும் இதுதான் பாதுகாப்பு.

பழைய டெஸ்டர்:
மேலே எழுதியிருப்பது எல்லாம் நல்லபடியாக நடக்கும் நாள். மேப்பை ஒரு தடவை "ஏதாவது கெட்டுப்போனால்?" என்று கேட்டபடி இடமிருந்து வலமாக நடந்து பாருங்கள். எனக்கு ஸ்டோரி மேப்பில் மிகவும் பிடித்த பகுதி இதுதான், பல குழுக்கள் இதைச் செய்யாமலே எழுந்துவிடுகின்றன.

நோயாளி ரத்து செய்கிறார். மருத்துவர் திடீரென்று விடுப்பு எடுக்கிறார், அன்றைக்குப் பதிந்த அத்தனை பேருக்கும் சொல்ல வேண்டும். ஒருவர் தாமதமாக வருகிறார், அடுத்தவர் ஏற்கெனவே காத்திருக்கிறார். பதியாமலே ஒருவர் நேரே வந்து நிற்கிறார். இரண்டு வரவேற்பாளர்கள் ஒரே சமயத்தில் ஒரே நேரத்தை வேறு வேறு ஆட்களுக்குக் கொடுத்துவிடுகிறார்கள். இன்டர்நெட் போய்விடுகிறது.

ஒவ்வொன்றையும் அந்தந்தப் படியின் கீழே வையுங்கள். எல்லாம் முதல் ரிலீஸில் வர வேண்டியதில்லை, ஆனால் எது வராது என்பதைத் தெரிந்தே முடிவு செய்ய வேண்டும். மருத்துவர் விடுப்பு என்றால் பட்டியலைப் பார்த்து போன் போட்டுச் சொல்லிக்கொள்ளலாம், பொறுக்கலாம். ஒரே நேரம் இரண்டு பேருக்குப் போவதை மட்டும் பொறுக்க முடியாது. அதைத் திரையில் சோதித்தால் போதாது, ஏனென்றால் இரண்டு பேரும் ஒரே நொடியில் பொத்தானை அழுத்தினால் இருவர் திரையிலும் அது காலியாகத்தான் தெரியும். ஒரே மருத்துவருக்கு ஒரே நேரத்தில் இரண்டு பதிவு நுழையவே கூடாது என்ற கட்டுப்பாட்டை டேட்டாபேஸிலேயே வைக்க வேண்டும். இது முதல் கோட்டுக்கு மேலே இருக்க வேண்டிய அட்டை. வெட்டுவது என்றால் வசதிகளை வெட்டுங்கள், நம்பகத்தன்மையை வெட்டாதீர்கள்.

தேன்சிட்டு:
நேரே வந்து நிற்பவர் எங்கள் மேப்பில் எங்குமே இல்லை! கிளினிக்கில் விசாரித்தேன், அங்கே அது தினமும் நடக்கிறதாம். இன்று சேர்த்துவிட்டோம்.

இன்னும் இரண்டு கேள்வி. மூன்று பேருக்கும் ஒரே மேப்பா? அப்புறம், இது ஜிராவில் (வேலைகளைப் பதிந்து பின்தொடரும் மென்பொருள்) இருக்கும் பேக்லாக்கோடு எப்படிச் சேரும்? இரண்டு இடத்தில் பராமரிக்க எங்களால் முடியாது.

குறுநிரல்:
ஒரே மேப். நீங்கள் எழுதிய கதையிலேயே மூன்று பேரும் மாறி மாறி வருகிறார்கள், பிரித்தால் கதை அறுந்துவிடும். ஒவ்வொரு படிக்கு மேலும் அதைச் செய்பவர் யார் என்று ஒரு சின்ன அட்டை ஒட்டுங்கள். இந்தக் கதையோடு எங்கும் சந்திக்காத வேலை, உதாரணமாக மாதக் கடைசியில் கிளினிக் உரிமையாளர் கணக்குப் பார்ப்பது, தனி மேப்பாக இருக்கட்டும்.

ஜிராவுக்கு முழு மேப்பையும் ஏற்றாதீர்கள். முதல் கோட்டுக்கு மேலே உள்ளவற்றை மட்டும் ஸ்டோரிகளாக ஏற்றுங்கள். மற்றவை அட்டையாகவே இருக்கட்டும், அவற்றில் பாதி மாறப்போகிறது. ஸ்டோரி முடிந்தால் மேப்பில் அந்த அட்டையின் நிறத்தை மாற்றுவது ஒன்றுதான் கூடுதல் வேலை, ஸ்பிரிண்ட் (குறுகிய வேலைச் சுற்று) முடிவில் எல்லோரும் சேர்ந்து நின்று செய்துவிடலாம். ஸ்டோரி என்பது அட்டை, அதைச் சுற்றி நடக்கும் உரையாடல், பிறகு உறுதிப்படுத்தல் என்று மென்பொருள் நிபுணர் ரான் ஜெஃப்ரிஸ் 2001இல் எழுதினார். மேப் அந்த உரையாடலுக்கான இடம், ஜிராவில் அது நடக்காது.

வரவேற்பறை:
நான் கோட்டைப் பற்றி மட்டும் சொல்கிறேன். கோட்டின் இடது ஓரத்தில் "ரிலீஸ் 1" என்று எழுதாதீர்கள். அந்த ரிலீஸ் வந்த பிறகு யாருடைய வாழ்க்கையில் என்ன மாறியிருக்கும் என்பதை ஒரு வாக்கியமாக எழுதுங்கள். உங்கள் விஷயத்தில் நான் எழுதுவது: "வரவேற்பாளர் நோட்டுப் புத்தகத்தை மூடி வைத்துவிடலாம்."

இப்போது ஒவ்வோர் அட்டையையும் கையில் எடுத்து, இது இல்லாவிட்டால் அவர் நோட்டை மறுபடி திறப்பாரா என்று கேளுங்கள். ரத்து செய்யும் வசதி இல்லையா? திறப்பார், மேலே வையுங்கள். நேரே வந்தவரைச் சேர்க்க வழி இல்லையா? அடுத்த நிமிடமே திறப்பார். ரிப்போர்ட் இல்லையா? திறக்க மாட்டார், கீழே போகட்டும். "முக்கியமா?" என்று கேட்டால் எல்லாமே முக்கியம் என்றுதான் பதில் வரும். இந்தக் கேள்விக்கு ஆம், இல்லை என்று பதில் வரும், விவாதமும் சீக்கிரம் முடியும். வெளியிட்ட பிறகு அளப்பதும் எளிது: நோட்டில் எத்தனை பதிவு, மென்பொருளில் எத்தனை பதிவு என்று எண்ணிப் பார்த்தால் போதும்.

தேன்சிட்டு:
இந்தக் கேள்வியை வைத்து இன்று மதியம் அட்டைகளை நகர்த்தினோம். முதல் கோடு உண்மையாகவே மேலே வந்துவிட்டது. இரண்டாவது கோட்டுக்கு "நோயாளி போன் செய்யாமலே நேரம் வாங்கலாம்" என்று எழுதியிருக்கிறோம். ஒரே ஒரு இழுபறி மிச்சம்: எஸ்எம்எஸ் நினைவூட்டல் முதல் ரிலீஸிலேயே வேண்டும் என்று கிளினிக் உரிமையாளர் பிடிவாதமாக இருக்கிறார். பதிந்துவிட்டு வராமல் போகிறவர்கள் அதிகமாம்.

வரவேற்பறை:
இன்று நினைவூட்டுவது யார்? யாரும் இல்லை என்றால், அது இல்லாமல் நோட்டை மூடலாம், அட்டை கீழேதான். வரவேற்பாளர் முந்தின நாள் மாலை போன் செய்கிறார் என்றால், நாளைய பட்டியலை போன் எண்களோடு காட்டும் திரை முதல் கோட்டுக்குள் வர வேண்டும், போனை அவரே செய்துகொள்வார். எப்படியானாலும் வராமல் போகிறவர்களைக் குறித்து வைக்க ஒரு டிக்கை இப்போதே சேர்த்துவிடுங்கள். எத்தனை பேர் என்ற எண்ணிக்கை கையில் இருந்தால் உரிமையாளரோடு பேசுவது எளிதாகும்.

பின்கட்டு:
எஸ்எம்எஸ் சேவைக்குக் கணக்கு திறந்து அனுமதி வாங்குவது உங்கள் கையில் இல்லாத வேலை. அட்டை இரண்டாம் கோட்டில் இருந்தாலும் விண்ணப்பத்தை இந்த வாரமே போட்டுவிடுங்கள்.