ஜிவார்: ‘அடைக்கலம்’ என்று போட்டால் போதுமா?

அன்புள்ள குழுமத்தாருக்கு,

இஸ்லாத்துக்கு முந்தைய அரபுச் சமூகம் பற்றிய அத்தியாயத்தைத் தமிழாக்கும்போது ‘ஜிவார்’ (ஒருவர் தம் குலத்தின் பாதுகாப்பை இன்னொருவருக்குக் கொடுப்பது) வரும் இடமெல்லாம் ‘அடைக்கலம்’ என்று போட்டுவிடலாம் என்று பெரியவர் ஒருவர் எழுதியிருந்தார். நானும் முதலில் அப்படித்தான் போட்டிருந்தேன். நபிகள் நாயகம் மக்காவுக்கு அருகிலுள்ள தாயிஃப் ஊரிலிருந்து திரும்பும் காட்சிக்கு வந்தபோது அந்தச் சொல் இடறியது.

619ஆம் ஆண்டை ஒட்டிய நிகழ்ச்சி. நபிகளைக் காத்துவந்த பெரிய தந்தை அபூதாலிப் இறந்துவிட்டார். தாயிஃபில் கல்லடி பட்டுத் திரும்பிய நபிகள் நாயகம், பிறந்த ஊருக்குள் நுழைய முடியாமல் மக்காவுக்கு வெளியே தங்கி, ஆளனுப்பி ஜிவார் கேட்கிறார். அக்னஸ் இப்னு ஷரீக் மறுக்கிறார்: நான் ஹலீஃப், ஹலீஃப் ஜிவார் கொடுக்க முடியாது. அதாவது, அவரே உடன்படிக்கையால் மக்காவின் குறைஷிகளோடு சேர்ந்துகொண்ட வெளியாள். அடுத்து சுஹைல் இப்னு அம்ரு: (என்னுடைய) ஆமிர் குலத்தார் (நபிகளின் கிளையான) கஅபு குலத்தாருக்கு எதிராக ஜிவார் கொடுப்பதில்லை. மூன்றாவதாக, நவ்ஃபல் குலத்து முத்இம் இப்னு அதீ ஒப்புக்கொள்கிறார். காலையில் தம் பிள்ளைகளோடு ஆயுதம் தரித்துக் கஅபா வளாகத்தில் வந்து நிற்கிறார். நபிகளின் கடும் எதிரி அபூஜஹ்ல் கேட்பது ஒன்றே ஒன்று: நீ முஜீரா, தாபிஆ? ஜிவார் கொடுத்தவனா, அவர் வழியில் சேர்ந்துவிட்டவனா? முஜீர்தான் என்கிறார் முத்இம். அப்படியானால் நீ கொடுத்ததை நாங்களும் கொடுத்தோம் என்று அபூஜஹ்ல் விலகிக்கொள்கிறார்.

இதில் ‘அடைக்கலம்’ எங்கே பொருந்துகிறது? அடைக்கலம் தர மனமிருந்தால் போதும். ஜிவார் தரத் தகுதி வேண்டும். மன்னனோ காவலரோ இல்லாத ஊர் மக்கா. ஒருவனைக் கொன்றால் அவனுடைய குலம் பழி வாங்கும் என்ற அச்சம்தான் அவன் உயிருக்கு வேலி. வேலி போனவனுக்கு இன்னொருவர் தம் குலத்தின் வேலியை நீட்டிக் கொடுப்பதே ஜிவார். இரவல் வேலி உடையவர் அதை மற்றவருக்கு நீட்ட முடியாது. அக்னஸ் சொன்னது சாக்கு அன்று, சட்டம்.

இன்னொன்று, ஊரறியக் கொடுத்ததை ஊரறியத்தான் திருப்பித் தர வேண்டும். அபிசீனியாவிலிருந்து திரும்பிய நபித்தோழர் உஸ்மான் இப்னு மழ்ஊன், குறைஷித் தலைவர் வலீத் இப்னு முகீராவின் ஜிவாரில் மக்காவில் நடமாடினார். தோழர்கள் அடி வாங்கும்போது தான் மட்டும் நிம்மதியாகத் திரிவது உறுத்தவே, வலீதிடம் போய் ‘உங்கள் ஜிவார் வேண்டாம்’ என்றார். ஊரறியக் கொடுத்தேன், கஅபா முற்றத்துக்கு வந்து ஊரறியத் திருப்பிக் கொடு என்றார் வலீத். கொடுத்தார். சற்று நேரத்திலேயே கவிஞர் லபீத் கவிதை சொன்ன ஒரு சபையில் வாய்த்தகராறு முற்றி, உஸ்மானின் கண்ணில் குத்து விழுந்தது. பக்கத்தில் இருந்த வலீத், ‘தம்பி மகனே, இந்தக் கண்ணுக்கு இது தேவையா?’ என்று கேட்டு மறுபடியும் ஜிவார் தர முன்வந்தார். மற்றக் கண்ணும் இதற்காகத்தான் ஏங்குகிறது, உங்களைவிட வலியவனின் ஜிவாரில் இருக்கிறேன் என்று மறுத்துவிட்டார் உஸ்மான். ‘அடைக்கலத்தைத் திருப்பிக் கொடுத்தார்’ என்று எழுதிப் பார்த்தேன். தமிழாக இல்லை.

ஒரு யோசனை. அரபியில் ‘ஜார்’ என்றால் அண்டை வீட்டார். ஜிவாரின் வேர் அதுதான். ஆகவே ‘அண்டைக்காப்பு’?

———

மறுமொழி:

அன்புத் தம்பிக்கு,

அண்டைக்காப்பு என்றதும் எனக்குக் குடியிருப்போர் சங்கத்துக் கூர்க்காதான் நினைவுக்கு வருகிறார். இரவில் விசில் ஊதிக்கொண்டு போவார். வேண்டாம்.

‘காப்பு’ ஒருவழிச் சொல்லும்கூட. அரபியில் காப்பவரும் ஜார், காக்கப்படுபவரும் ஜார். இஸ்லாத்துக்கு முந்தைய அரபுக் குலப் போரான பஸூஸ் போரை எடுத்துக்கொள்ளுங்கள். கதையின் ஒரு வடிவத்தில், தக்லிப் தலைவன் குலைப் அம்பெய்தது பஸூஸ் என்ற பெண்ணை நம்பித் தங்கியிருந்தவனின் ஒட்டகத்தின் மீது. அவளுடைய சகோதரி மகன் ஜஸ்ஸாஸ், சொந்த அக்காள் தங்கை கணவன் என்றும் பாராமல் குலைபைக் கொன்றான். ஜஸ்ஸாஸின் பக்ர் குலத்துக்கும் தக்லிபுக்கும் நாற்பது ஆண்டு பகை என்கிறது மரபு. ஒட்டகத்துக்காகவா? அந்த அம்பு பட்டது வந்தவன் மீது மட்டும் அன்று, இடங்கொடுத்தவளின் மானத்தின் மீதும். அந்த இருதலைத் தன்மை சொல்லில் இருக்க வேண்டும்.

‘அபயம்’ என்று ஒருவர் எழுதியிருந்தார். அபயம் என்றால் அச்சமின்மை. அது ‘அமான்’ (பாதுகாப்பு உறுதி) என்ற வேறொரு சொல்லுக்குத் தேவைப்படும், செலவழித்துவிடாதீர்கள். ‘தஞ்சம்’ அகதிகள் செய்தியில் நிலைத்துவிட்டது.

———

மறுமொழி:

அன்புள்ள அக்கா,

கூர்க்காவுக்கு விடை கொடுத்துவிட்டேன்.

ஆனால் ‘அண்டை’யை விட மனமில்லை. ‘அண்டு’ என்ற வினைக்கு நெருங்கு என்பதும் பொருள், ஒருவரைச் சார்ந்து புகல் தேடு என்பதும் பொருள். அண்டை வீடும் அண்டி வந்தவரும் ஒரே வேரில்தான் நிற்கிறார்கள். பழைய நிகண்டுகளில் ‘அண்டலர்’ (அண்டாதவர்) பகைவர். ‘ஜார்’ அரபியில் செய்யும் வேலையைத் தமிழ் வேர் தானாகவே செய்கிறது! இதோடு, சாய்கிற சுவருக்கு மரத்தால் முட்டுக் கொடுப்பதும் ‘அண்டைகொடுத்தல்’தான். முத்இம் அன்று காலை கஅபாவில் செய்தது வேறென்ன?

ஆகவே ஜிவார் = அண்டுரிமை. கொடுக்கலாம், மறுக்கலாம், திருப்பித் தரலாம். ஜார் = அண்டையர், இரு பக்கத்தாருக்கும் இதுவே. ஜிவார் கொடுப்பதைக் குறிக்கும் ‘அஜார’ என்ற வினைக்கு அண்டைகொடு; முஜீர் = அண்டைகொடுத்தவர்.

‘அண்டிப் பிழைப்பு’ என்ற இளக்காரம் ஒட்டிக்கொள்ளாதா என்று நீங்கள் கேட்பீர்கள். ஒட்டட்டும். இப்னு மழ்ஊனுக்கு உறுத்தியது அதுதானே.

சில இடங்களில் போட்டுப் பார்த்தேன்:

‘நான் ஹலீஃப், எனக்கு அண்டுரிமை கொடுக்கும் தகுதி இல்லை.’ நிற்கிறது.

630இல் நபிகள் மக்காவைக் கைப்பற்றியபோது, தம் கணவர் வழி உறவினர் இருவரை வீட்டுக்குள் வைத்துக் கதவடைத்த அபூதாலிபின் மகள் உம்மு ஹானியிடம் நபிகள் சொன்னது: ‘நீ அண்டைகொடுத்தவருக்கு நாமும் அண்டைகொடுத்தோம்.’ இதுவும் நிற்கிறது. அபூஜஹ்ல் முத்இமுக்குச் சொன்ன அதே வாய்பாடு, புதிய ஆட்சியிலும் அப்படியே தொடர்வது இந்தச் சொல்லால் கண்ணுக்குத் தெரிகிறது. ஒரு இடத்தில் அடைக்கலம், மறு இடத்தில் பாதுகாப்பு என்று மாற்றி மாற்றிப் போட்டிருந்தால் இந்தத் தொடர்ச்சி மறைந்துபோயிருக்கும்.

நபிகள் மதீனாவில் குலங்களுக்கிடையே செய்த மதீனா உடன்படிக்கை: ‘தீங்கும் குற்றமும் செய்யாத வரை அண்டையர் தன்னைப் போன்றவரே.’ இங்கே மட்டும் ஓர் அடிக்குறிப்பு வேண்டும். வாசகர் பக்கத்து வீட்டுக்காரர் என்று படித்துக்கொண்டு போய்விடுவார்.

குர்ஆன் 9:6 மொழிபெயர்ப்புகளில் ‘புகலிடம்’, ‘அபயம்’ என்று இருப்பதை நான் தொடப்போவதில்லை. அது பழகிய வாசிப்பு. 23:88இல் இறைவனைப் பற்றி, ‘அவனே ஜிவார் தருகிறான், அவனுக்கு எதிராக யாரும் தர முடியாது’ என்ற பொருளில் வருகிற தொடருக்கு மட்டும் அடிக்குறிப்பில் அண்டுரிமையைச் சுட்டுவேன். ‘கஅபு குலத்தாருக்கு எதிராக’ என்று சுஹைல் சொன்ன அதே ‘எதிராக’ அங்கும் இருக்கிறது.

ஹலீஃபை இன்னும் அப்படியே விட்டுவைத்திருக்கிறேன். ஹில்ஃப் என்பது சத்தியம் செய்து உண்டாக்கும் உறவு என்பதால் ‘சூளுறவு’ என்று எழுதி வைத்திருக்கிறேன். ‘சூளுறுதல்’ ஏற்கெனவே சபதம் செய்வதைக் குறிப்பதால் குழப்புமா என்று பார்த்துச் சொல்லுங்கள்.