ஜூலை முதல் வாரம் மாரா போனால் ஆறு தாண்டுவதைக் கட்டாயம் பார்க்கலாமா?

நெய்தல்: "ஜூலை முதல் வாரம் கென்யாவில் மசாய் மாரா காப்பகம் போங்க, வில்டபீஸ்ட் (மாடு போலிருக்கும் மான் இனம்) மந்தை மாரா ஆறு தாண்டுவதைக் கட்டாயம் பார்க்கலாம்" என்று பயணப்பித்தன் எழுதியிருக்கிறார். படித்ததும் எரிச்சலாக இருக்கிறது. மழை பெய்து புல் எங்கே முளைக்கிறதோ அங்கேதான் மந்தை போகும். ஜூலை தொடக்கத்தில் பெரும்பகுதி தான்சானியா பக்கம் செரங்கெட்டியிலேயே நிற்கும் ஆண்டுகள் உண்டு. ஆகஸ்ட், செப்டம்பர்தான் மாராவுக்கு நல்ல காலம்.

பயணப்பித்தன்: நான் ஜூலை முதல் வாரம்தான் போனேன். கண்ணால் பார்த்தேன். வீடியோவும் போட்டிருக்கிறேன். கூகுளில் படித்துவிட்டு வந்து எனக்குப் பாடம் எடுக்க வேண்டாம்.

நெய்தல்: வீடியோவைப் பார்த்தேன். முழங்கால் தண்ணீர். அது மாரா ஆறே இல்லை, அதில் வந்து கலக்கும் தாலெக். அந்த மந்தையும் செரங்கெட்டியிலிருந்து வருவதாக இருக்காது, வடகிழக்கே கென்யாவிலேயே உள்ள லொய்டா சமவெளியிலிருந்து வருவதாக இருக்கும். மாரா ஆற்றில் முன்னால் நிற்கும் ஒன்று தண்ணீரை மோந்துவிட்டுச் சட்டென்று திரும்பினால், பின்னால் நிற்கும் மொத்த மந்தையும் புழுதி கிளப்பிக்கொண்டு திரும்பிவிடும். நாள் முழுக்கக் காத்திருந்து ஏமாந்தவர்கள் ஏராளம். "கட்டாயம்" என்று எப்படி எழுதினீர்கள்?

பயணப்பித்தன்: தாலெக் ஆறு இல்லையா? அது என்ன வாய்க்காலா?

வரிக்குதிரை: போன வருஷம் இவர் கைகாட்டிய ஏஜென்டிடம்தான் நாங்களும் பணம் கட்டினோம். லேண்ட் க்ரூசர் என்று சொல்லி வேனை அனுப்பினார்கள். கரிசல் மண்ணில் மழை பெய்ததும் வண்டி புதைந்துபோனது. கமிஷன் உண்டா, பித்தன் சார்?

பயணப்பித்தன்: கமிஷன் வாங்கினேன் என்று நிரூபியுங்கள். இல்லையென்றால் மன்னிப்புக் கேளுங்கள். அப்போதே இந்தக் குழுவில் என்னை மட்டம் தட்டியவர்தானே நீங்கள்?

முல்லை: சண்டைக்கு நடுவே ஒன்று. மஞ்சள் காய்ச்சல் ஊசியைக் கிளம்புவதற்கு 10 நாள் முன்பாவது போட்டுக்கொள்ளுங்கள். இந்தியா திரும்பும்போது அட்டை கேட்பார்கள். மாராவிலிருந்து அப்படியே செரங்கெட்டிக்குள் போக வழி இருக்கிறதா?

நெய்தல்: விலங்குகளுக்கு இருக்கிறது, சுற்றுலா வண்டிக்கு இல்லை. இசெபானியா எல்லைச் சாவடி வழியாகச் சுற்ற வேண்டும். கென்யா, உகாண்டா, ருவாண்டா கூட்டு விசாவும் தான்சானியாவில் செல்லாது. பித்தன், என் கேள்வி அப்படியே நிற்கிறது. மாராவில் ஜூன் வரை வெளிநாட்டவருக்கு நுழைவுக் கட்டணம் நாளுக்கு 100 டாலர், ஜூலையிலிருந்து 200. அதுவும் காலை 6 முதல் மாலை 6 வரைதான். உங்கள் "கட்டாயம்" என்ற சொல்லை நம்பி ஒரு குடும்பம் இரட்டிப்புக் கட்டணம் கட்டும்.

வரிக்குதிரை: அந்தப் பணத்துக்கு பிப்ரவரியில் தான்சானியாவில் செரங்கெட்டிக்குத் தெற்கே ந்டுட்டு போகலாம். வில்டபீஸ்ட் குட்டி போடும் காலம், சிவிங்கிப்புலி வேட்டையும் பார்க்கலாம்.

பயணப்பித்தன்: இங்கே ந்டுட்டுவை யார் கேட்டது? ஜூலை முதல் வாரம். ஆறு. தாண்டியது. பார்த்தேன்.

நெய்தல்: எந்த ஆறு?

பயணப்பித்தன்: வரிக்குதிரை மன்னிப்புக் கேட்கட்டும், அப்புறம் சொல்கிறேன்.

வரிக்குதிரை: என் வேன் பணத்தை முதலில் வாங்கிக் கொடுங்கள்.