சொரோஸ் பூச்சாண்டி ஓர்பானுக்கு எப்படிப் பயன்பட்டது?

கேள்வி (ஈரோட்டான்): ஹங்கேரியில் ஜார்ஜ் சொரோஸ் தேர்தலில் நிற்கவே இல்லை. அப்புறம் ஏன் அப்போதைய பிரதமர் ஓர்பானின் 2018 பிரச்சாரம் முழுக்க அவர் முகம்?

கரிசல்: நிற்காததுதான் வசதி. எதிர்க்கட்சிக்காரர் மேடையேறி பதில் சொல்வார், தோற்றால் ஓய்ந்துவிடுவார். அமெரிக்காவில் இருந்த, அப்போது 87 வயதான கோடீஸ்வரர் எந்நாளும் கைவசம். 2017-இல் ட்ராம் தரையில்கூட அவர் படம், ஏறுபவர்கள் மிதிக்கட்டும் என்று. இத்தனைக்கும் 1989-இல் ஓர்பான் ஆக்ஸ்ஃபோர்டு போனது சொரோஸ் உதவித்தொகையில்!

தாள்முனை: 'தேசியக் கலந்தாய்வு' படிவத்தைப் பாருங்கள். 2017-இல் வாக்காளர்களுக்கு அரசு செலவில் தபாலில் போனது. ஏழு கேள்வி. முதலாவது: ஆண்டுக்குக் குறைந்தது 10 லட்சம் குடியேறிகளை ஐரோப்பாவில் இறக்க சொரோஸ் விரும்புகிறார், ஆதரிக்கிறீர்களா? ஆம் / இல்லை. 'அப்படியொரு திட்டமே இல்லை' என்று டிக் அடிக்கக் கட்டமில்லை. இல்லை என்றாலும் கதையை ஒப்புக்கொண்ட கணக்குதான்.

ஈரோட்டான்: ஓட்டோடு முடிந்ததா?

கரிசல்: எங்கே! 2018 ஏப்ரலில் ஓர்பான் அணிக்கு நாடாளுமன்றத்தில் மூன்றில் இரண்டு பங்கு இடம், ஜூனிலேயே 'ஸ்டாப் சொரோஸ்' (சொரோஸைத் தடு) சட்டம். தஞ்சம் கேட்பவருக்கு மனு எழுத உதவினாலே ஓராண்டு வரை சிறை. ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் தவறு என்றது 2021 நவம்பரில். அதற்குள் சொரோஸ் நிறுவிய பல்கலைக்கழகம் வியன்னாவுக்கு மூட்டை கட்டிவிட்டது.

தாள்முனை: மறுப்புச் செய்தி எடுபடாததற்கும் காரணம் உண்டு. 2018 நவம்பரில் 400-க்கு மேற்பட்ட ஊடகங்களை அரசு ஆதரவு முதலாளிகள் ஒரே அறக்கட்டளைக்கு 'தானம்' செய்தார்கள். ஏகபோகத்தைத் தடுக்க வேண்டிய போட்டி ஆணையத்தின் விசாரணையிலிருந்தும் அரசு அதற்கு விலக்கு கொடுத்துவிட்டது.