உதவி தேவை: எல்லாக் காலத்துக்குமான டெஸ்ட் பதினொருவர், எக்செல் ஷீட் தலைகீழாக அடுக்குகிறது

கொட்டாஞ்சேனை_கீப்பர்:
எங்கள் விளையாட்டுக் கழகத்தின் ஆண்டு மலரில் இரண்டு பக்கம் என் தலையில் விழுந்திருக்கிறது. தலைப்பு ‘எல்லாக் காலத்துக்குமான டெஸ்ட் பதினொருவர்’. வாயால் கதைத்தால் சண்டைதான் வரும், இலக்கத்தோடு போட்டால் யாரும் மூச்சு விட மாட்டார்கள் என்று நினைத்து, டெஸ்ட் விபரங்களை இணையத்திலிருந்து எடுத்து எக்செலில் ஒட்டினேன். இப்போது ஷீட்டே சண்டைக்கு வருகிறது.

பிரட்மனின் சராசரி 87.45 என்று காட்டுகிறது, சங்கக்காரவுக்கு 53.22. இரண்டும் பிழை என்று தெரியும், எங்கே பிழை என்றுதான் பிடிபடவில்லை. சரி என்று இணையத்தில் இருந்த சராசரியையே நேராக எடுத்துப் பெரியதிலிருந்து அடுக்கினால், முதலிடத்தில் பிரட்மன் இல்லை. அண்டி கன்டோம் என்று ஒரு மேற்கிந்தியத் தீவுக்காரர், 112. சச்சினுக்கு மேலே வினோத் காம்ப்ளி. பந்துவீச்சில், அங்கே சராசரி குறைவாக இருப்பதுதான் நல்லது, முரளிக்கு மேலே ஜோர்ஜ் லோமன், 10.75. இதை அப்படியே அச்சடித்தால் அடுத்த வருடம் கழகம் இருக்காது.

இது போதாதென்று எங்கள் கழகப் போஷகர் ஐயா, 80 தாண்டியவர், அந்தக் காலத்து இலங்கைத் துடுப்பாட்ட வீரர் மகாதேவன் சதாசிவம் இல்லாத பட்டியலுக்கு வாழ்த்துரை தர மாட்டேன் என்கிறார். சதாசிவத்துக்கு டெஸ்ட் கணக்கே கிடையாதே, எந்த வரியில் போடுவது? வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குக் கொடுக்க வேண்டும்.

கணக்கு_ரீச்சர்:
தம்பி, முதலாவது சின்ன விஷயம். மொத்த ஓட்டத்தை இனிங்ஸால் வகுத்திருக்கிறீர்கள். 6996 ஐ 80 ஆல் வகுத்தால் 87.45 தான். பிரட்மன் 10 தரம் ஆட்டமிழக்காமல் நின்றவர், ஆகவே 70 ஆல் வகுக்க வேண்டும், 99.94 வரும். சங்கக்கார 12,400 ஓட்டம், 233 இனிங்ஸ், 17 தரம் ஆட்டமிழக்கவில்லை. 216 ஆல் வகுங்கள். அப்போது எக்செல் 57.41 என்று காட்டும், இணையத்தில் 57.40 இருக்கும், அதைப் பார்த்துத் திரும்பவும் பதற வேண்டாம். விடை 57.407, எக்செல் கிட்டிய இலக்கத்துக்கு மாற்றுகிறது, அந்தத் தளம் மூன்றாம் தசமத்தை வெட்டிவிடுகிறது. சச்சினுக்கும் இதே கதைதான், 53.79 என்றும் 53.78 என்றும்.

ஒவ்வொரு இனிங்ஸையும் தனித்தனியாக ஒட்டியிருந்தால் இன்னொரு பொறி இருக்கிறது. 299* மாதிரி நட்சத்திரம் உள்ள செல்லை எக்செல் எழுத்தாக எடுத்துக்கொண்டு கூட்டலில் விட்டுவிடும். ஃபைண்ட் ரீப்ளேஸில் நட்சத்திரத்தை நீக்கும்போது அதற்கு முன்னால் ~ என்ற அலைக்குறியைப் போடுங்கள். போடாவிட்டால் நட்சத்திரம் என்றால் ‘எதுவானாலும்’ என்று நினைத்து முழு செல்லையும் துடைத்துவிடும்.

லெக்ஸைட்_பவுண்டரி:
கன்டோம் 1948 இல் போர்ட் ஒப் ஸ்பெயினில் ஆடியது ஒரே டெஸ்ட், ஒரே இனிங்ஸ், அதில் 112. பிறகு அவரைக் கூப்பிடவே இல்லை, பாவம். ஆகக் குறைந்தது 20 டெஸ்ட் என்று வடிகட்டி போடுங்கள். அவரும் போவார், 17 டெஸ்டில் 54.20 வைத்திருக்கும் காம்ப்ளியும் போவார், 18 டெஸ்ட் ஆடிய லோமனும் போவார்.

மருதானை_மிட்ஓன்:
உங்கள் வசதிக்கு 20 என்று கோடு போட்டுவிட்டு அதற்கு நீதி என்று பெயர். 30 என்று போட்டால் என்ன? ஜோர்ஜ் ஹெட்லி 22, கிரயம் பொலொக் 23, இரண்டு பேரும் காலி.

லெக்ஸைட்_பவுண்டரி:
ஓம் அண்ணா, வசதிக்குத்தான், மறைக்கவில்லை. ஹெட்லியின் நல்ல வருடங்களை யுத்தம் தின்றது, அந்தக் காலத்தில் மேற்கிந்தியத் தீவுகளுக்குக் கிடைத்த போட்டிகளும் குறைவு. பொலொக்கின் நாட்டை 1970 க்குப் பிறகு நிறவெறி காரணமாக ஒதுக்கி வைத்துவிட்டார்கள். இவர்களை வெட்டினால் ஆட்டத்தை விட்டுவிட்டுப் போட்டி அட்டவணையை அளந்த மாதிரி ஆகிவிடும். கோடு எங்கே என்று மலரில் ஒரு வரி எழுதினால் போதும்.

பழைய_ஸ்கோர்புக்:
வடிகட்டி போட்டாலும் பெரிய சிக்கல் அப்படியே இருக்கிறது. லோமன் போன கையோடு சிட்னி பார்ன்ஸ் வந்து நிற்பார், 27 டெஸ்ட், 189 விக்கெட், 16.43. முரளி 22.72. வெவ்வேறு காலச் சராசரிகளை ஒரே கொலத்தில் போட்டு அடுக்கவே கூடாது. லோமன் 1896 இல் போர்ட் எலிசபெத்தில் 7 ஓட்டத்துக்கு 8 விக்கெட் எடுத்தார், தென்னாபிரிக்கா 30 ஓட்டத்துக்குச் சுருண்டது. அந்தக் காலத்து ஆடுகளத்தையும் அந்த அணியையும் சேர்த்துத்தான் அந்த 10.75 ஐ வாசிக்க வேண்டும்.

நான் செய்வது இது. ஒரு துடுப்பாட்ட வீரரை எடுத்தால், அவர் ஆடிய அதே டெஸ்ட்களில் இரு அணியிலும் முதல் ஆறு இடங்களில் ஆடிய மற்றவர்களின் சராசரியைக் கண்டுபிடித்து, அதால் இவருடைய சராசரியை வகுப்பேன். இவரைக் கட்டாயம் கழிக்க வேண்டும், பிரட்மன் மாதிரி ஆளைக் கழிக்காவிட்டால் அவரே தன் எதிராளிகளின் சராசரியை ஏற்றிவிடுவார். பந்துவீச்சாளருக்கும் இதே வேலைதான், அங்கே விகிதம் குறையக் குறைய நல்லது.

மழைக்கு மூடாத ஆடுகளத்துக்கு இத்தனை புள்ளி, ஹெல்மெட் இல்லாததற்கு இத்தனை புள்ளி என்று சேர்க்கப் போகாதீர்கள். 1930 களின் நடுப்பகுதி வரை ஓஃப் ஸ்டம்புக்கு வெளியே விழுந்த பந்தைக் காலால் தடுத்தாலும் எல்பிடபிள்யூ இல்லை. ஹெல்மெட் வந்தது 70 களின் கடைசியில். நடுவரின் தீர்ப்பை மீளாய்வு செய்யும் டிஆர்எஸ்ஸை முதன்முதலாகப் பரீட்சித்தது 2008 இல் நம்முடைய கொழும்பு எஸ்.எஸ்.சி. மைதானத்தில். இதற்கெல்லாம் நீங்களாகப் புள்ளி போட்டால் ஷீட்டில் கடைசியாக வருவது உங்கள் சொந்த விருப்பம்தான். அதே ஆட்டத்தில் நின்ற மற்றவனும் அதே களத்தில், அதே சட்டத்தில்தான் ஆடினான், ஆகவே வகுக்கும்போதே அது உள்ளே வந்துவிடுகிறது.

ஒரு ஓட்டையும் இருக்கிறது, சொல்லாமல் விடக் கூடாது. பிரட்மனின் 52 டெஸ்டில் 37 இங்கிலாந்துக்கு எதிரானவை. சங்கக்கார எத்தனை நாட்டுப் பந்துவீச்சை, எத்தனை விதமான மண்ணில் ஆடினார் என்பதை இந்த விகிதம் பிடிக்காது. அப்படியிருந்தும் முதலிடம் அசையாது. பிரட்மன் காலத்து மலைகள் என்றால் ஹெட்லி 60.83, சட்கிளிஃப் 60.73, ஹமண்ட் 58.45, அவர்களுக்குப் பக்கத்தில் 99.94. சங்கக்காரவின் பக்கத்தில் கலிஸ் 55.37, சச்சின் 53.78, லாரா 52.88. சண்டை பிடிக்கிறவர்கள் இரண்டாம் இடத்திலிருந்து பிடிக்கலாம்.

மருதானை_மிட்ஓன்:
சரி, ஷேன் வோர்னை என்ன செய்வீர்கள்? முரளி சிம்பாப்வேயையும் பங்களாதேஷையும் வைத்தே 176 விக்கெட் எடுத்தவர், வோர்ன் அவர்களிடம் எடுத்தது 17.

பழைய_ஸ்கோர்புக்:
கழித்துவிட்டே பாருங்கள். முரளிக்கு 25 டெஸ்ட் போக 108 டெஸ்டில் 624, ஒரு டெஸ்டுக்கு 5.78. வோர்னுக்கு 3 டெஸ்ட் போக 142 டெஸ்டில் 691, அது 4.87. ஆனால் வோர்னின் மறுமுனையில் மெக்ரா நின்று விக்கெட்டுகளைப் பங்கு போட்டார், முரளிக்கு வாஸ் தவிரப் பெரிதாக யாரும் இல்லை, அதனால் முரளிக்கு எடுக்க அதிகம் மிச்சம் இருந்தது. முரளி அவுஸ்திரேலியாவில் 5 டெஸ்டில் 12 விக்கெட், சராசரி 75.41. வோர்ன் இந்தியாவில் 9 டெஸ்டில் 34, சராசரி 43.11. பதினொருவரில் இரண்டு சுழற்பந்துக்கு இடம் இருக்கிறது, இரண்டு பேரையும் போட்டுவிட்டுச் சாப்பிடப் போங்கள்.

கொட்டாஞ்சேனை_கீப்பர்:
போர்முலா சரிவந்துவிட்டது, ரீச்சருக்கு நன்றி. விகிதத்தை இன்றிரவு போடுகிறேன். சங்கக்காரவை விக்கெட் காப்பாளராக எடுத்தால் ஒரு இடம் மிச்சமாகும் அல்லவா?

கணக்கு_ரீச்சர்:
மிச்சமாகாது, நட்டம். காப்பாளராக 48 டெஸ்டில் அவர் சராசரி 40.48, கையுறை இல்லாமல் 86 டெஸ்டில் 66.78. இரண்டு வரியாகப் பிரித்து எழுதுங்கள். துடுப்பாட்ட வரிசையில் மூன்றாம் இலக்கத்தில் அவரை வைத்து, கில்கிறிஸ்டிடம் கையுறையைக் கொடுங்கள், 47.60. காப்பாளராக 53.70 வைத்திருக்கும் அண்டி ஃபிளவரை ஒருவரும் ஞாபகப்படுத்துவதில்லை, என் ஓட்டு அவருக்குத்தான்.

ஓவல்_கலரி:
சதாசிவத்துக்கு வருகிறேன். அவரை ஷீட்டுக்குள் இழுக்காதீர்கள், பூச்சியமும் போடாதீர்கள். இலங்கை 1982 பெப்ரவரியில் பி. சரவணமுத்து மைதானத்தில் முதல் டெஸ்ட் ஆடியபோது அவர் காலமாகி நாலரை வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. அடுத்த பக்கத்தில் தனிப் பெட்டி கட்டி, 1947 இல் சேப்பாக்கத்தில் தென்னிந்தியாவுக்கு எதிராக அடித்த 215 ஐ எழுதுங்கள். 1948 மார்ச்சில் பிரட்மனின் அணி இங்கிலாந்து போகும் வழியில் கொழும்பில் இறங்கி, அதே மைதானத்தில், அப்போது ஓவல் என்று பெயர், ஒரு நாள் ஆடியது. இலங்கையின் தலைவர் சதாசிவம். பிரட்மன் எடுத்தது 20. அன்று ஆடுகளத்தின் நீளம் 22 யார் (கஜம்) இருக்க வேண்டிய இடத்தில் 20 யார்தான் இருந்தது என்று பிறகு தெரியவந்தது, அதற்கு எந்தப் போர்முலா என்று ஸ்கோர்புக் அண்ணாதான் சொல்ல வேண்டும். சதாசிவத்தின் ஆட்டத்தை ஐயா சின்ன வயதில் கண்ணால் பார்த்தவர் என்றால் பெட்டியை அவரையே எழுதச் சொல்லுங்கள், வாழ்த்துரையும் சேர்ந்தே வரும்.

கொட்டாஞ்சேனை_கீப்பர்:
கேட்டேன், ஐயா சம்மதித்துவிட்டார், ஆனால் அவருக்கு ஒரு முழுப் பக்கம் வேண்டுமாம். 20 டெஸ்ட் வரியைப் பட்டியலுக்குக் கீழே சின்ன எழுத்தில் போடுகிறேன்.

பொரளை_பொயின்ட்:
பிந்தி வந்ததற்கு மன்னிக்கவும். அரவிந்த டி சில்வா எங்கே?

பழைய_ஸ்கோர்புக்:
இது டெஸ்ட் பட்டியல், அவர் சராசரி 42.97. 1996 உலகக் கிண்ண இறுதிப் போட்டியில் எடுத்த 107 உம் 3 விக்கெட்டும் இதில் வராது.

பொரளை_பொயின்ட்:
1997 இல் எஸ்.எஸ்.சி.யில் பாகிஸ்தானுக்கு எதிராக ஒரே டெஸ்டில் 138, 103, இரண்டிலும் ஆட்டமிழக்கவில்லை. அதற்கு முன் டெஸ்டில் யாரும் அப்படிச் செய்ததில்லை. இந்த இழையின் முதல் போர்முலாவை அந்த ஒரு டெஸ்டுக்குப் போட்டுப் பாருங்கள் அண்ணா, பூச்சியத்தால் வகுக்க வேண்டி வரும்.