டேலி டேட்டா கூகுள் டிரைவில் இருந்தால் அது பேக்கப் ஆகிவிடுமா? பாஸ்வேர்டு எல்லாம் எக்செல்லில் இருக்கிறது

வரவுசெலவு கேட்டது:

வணக்கம். ஜிஎஸ்டி, வருமான வரி தாக்கல் செய்து தரும் சிறிய ஆபீஸ். மூன்று கம்ப்யூட்டர், மூன்றிலும் விண்டோஸ் 11 ஹோம். டேலிபிரைம் கணக்கு மென்பொருளில் 60 கிளையன்ட் கம்பெனிகள். ஸ்கேன் செய்த பில், பேங்க் ஸ்டேட்மென்ட் எல்லாம் சேர்த்து 180 ஜிபி. டேலியின் டேட்டா போல்டரையே கூகுள் டிரைவ் சிங்க் போல்டருக்குள் வைத்திருக்கிறோம். 2 டிபி எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க் ஒன்று எப்போதும் செருகியே இருக்கும், இரவில் தானாகக் காப்பி ஆகும். கிளையன்ட்களின் போர்ட்டல் பாஸ்வேர்டு எல்லாம் ஒரு எக்செல் பைலில், அதே டிரைவில். மூன்று பேருக்கும் ஒரே கூகுள் லாகின்.

இது போதுமா? ரான்சம்வேர் (பைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வைரஸ்) வந்தால் எது மிஞ்சும்?

வட்டுக்காவல் பதில்:

இப்போதைய அமைப்பில் முழுசாக எதுவும் மிஞ்சாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். அசல், டிரைவ், ஹார்டு டிஸ்க் மூன்றுமே ஒரே கம்ப்யூட்டரின் கைக்கு எட்டுகிற தூரத்தில் இருக்கின்றன. அந்தக் கம்ப்யூட்டருக்குள் நுழைந்தவனுக்கும் அதே தூரம்தான்.

சிங்க்கின் வேலை இரண்டு பக்கத்தையும் ஒரே மாதிரி வைத்திருப்பது. இங்கே அழித்தால் அங்கேயும் அழியும், இங்கே கெட்டால் அங்கேயும் கெடும். டிரைவின் குப்பைத்தொட்டி 30 நாள் வைத்திருக்கும். பழைய பதிப்புகளும் 30 நாள் அல்லது 100 பதிப்பு வரைதான். ரான்சம்வேர் பெரும்பாலும் புதுப் பெயரில் ஒரு பைலை எழுதிவிட்டுப் பழையதை நீக்கும். அப்போது அசல் குப்பைத்தொட்டிக்குப் போகும். சில வகை அதே பைலின் மேலேயே எழுதும், அப்போது பதிப்பு வரலாற்றில் தேட வேண்டும். ஆயிரக்கணக்கான பைல்களில் எது எங்கே போனது என்று தேடி எடுப்பது தாக்கல் கடைசி நாள் நெருங்கும்போது நடக்கிற காரியமா?

டேலிக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. ஒரு கம்பெனியின் கணக்கு பல பைல்களில் பிரிந்து கிடக்கிறது. நீங்கள் வவுச்சர் போட்டுக்கொண்டிருக்கும்போதே டிரைவ் அவற்றை ஒவ்வொன்றாக மேலே ஏற்றும். ஒரு பைல் 11.02 நிலையில், இன்னொன்று 11.05 நிலையில். மேலே இருப்பது எந்த நேரத்துக் கணக்கும் இல்லாமல் போகும். ஆகவே இன்றே செய்ய வேண்டியது: மூன்று கம்ப்யூட்டரிலும் டேலியை மூடுங்கள், டேட்டா போல்டரை சிங்க் போல்டருக்கு வெளியே மாற்றுங்கள், பிறகு எஃப்1, செட்டிங்ஸ், டேட்டா கான்பிகரேஷன் போய்ப் புதுப் பாதையைக் கொடுங்கள்.

அதன்பின் தினமும் வேலை முடிந்ததும் ஆல்ட்டுடன் ஒய் அழுத்தி டேலியின் சொந்த பேக்கப்பை எடுங்கள். தேதியைப் பெயராக வைத்துத் தினம் ஒரு புதுப் போல்டர். கடைசி 7 நாள் பேக்கப்பும், கடைசி 12 மாதங்களில் ஒவ்வொரு மாதத்தின் இறுதி நாள் பேக்கப்பும் இருந்தால் போதும். கணக்கில் தவறு ஒன்று ஆறு வாரம் கழித்துத் தெரிய வந்தால் நேற்றைய பேக்கப் உதவாது, மாதக் கடைசிதான் உதவும்.

ஹார்டு டிஸ்க் இரண்டு வேண்டும். ஒன்று ஆபீசில், ஒன்று வீட்டு பீரோவில், சனிக்கிழமை தோறும் மாற்றிக்கொள்ளுங்கள். காப்பி முடிந்ததும் எஜெக்ட் கொடுத்துக் கழற்றிவிட வேண்டும். செருகியே இருக்கிற டிஸ்க்கை வைரஸ் மட்டுமல்ல, இடி மின்னலன்று வரும் ஒரே வோல்டேஜ் ஏற்றமும் கம்ப்யூட்டரோடு சேர்த்துக் கொண்டுபோகும். டிஸ்க்கைத் தொலைத்தால் 60 பேரின் கணக்கும் வெளியே போய்விடும் என்பதால், பாஸ்வேர்டு இல்லாமல் படிக்க முடியாதபடி அதைப் பூட்டுங்கள். ஹோம் பதிப்பில் விண்டோஸின் சொந்தப் பூட்டான பிட்லாக்கர் கொண்டு புதிதாக ஒரு டிஸ்க்கைப் பூட்ட முடியாது. இலவசமான வெராகிரிப்ட் போதும்.

வீட்டு பீரோ எதற்கு என்றால், ஒரே கட்டடத்தில் இருப்பது எத்தனை காப்பியானாலும் ஒரு காப்பிதான். 2025 செப்டம்பர் 26 அன்று தென்கொரியாவின் டேஜான் நகரில் அரசுத் தகவல் மையம் தீப்பிடித்தது. அரசு ஊழியர்களின் ஜி-டிரைவ் சேமிப்பில் இருந்த 858 டெராபைட் அழிந்தது. அளவு பெரிது என்பதால் வெளியே பேக்கப் வைக்கவில்லை. அதற்கு முந்தைய ஆண்டு மே மாதம் ஆஸ்திரேலியாவின் யூனிசூப்பர் ஓய்வூதிய நிதியின் கூகுள் க்ளவுட் கணக்கு ஓர் உள்ளமைவுத் தவறால் அழிந்தபோது, வேறொரு நிறுவனத்திடம் தனியாக வைத்திருந்த பேக்கப் மீட்புக்குப் பெரிய துணையாக இருந்தது.

க்ளவுட் காப்பிக்கு: அமேசானின் எஸ்3 சேமிப்பில் மும்பை மையத்தைத் தேர்ந்தெடுத்து, வெர்ஷனிங்கும் (பழைய பதிப்புகளை வைத்திருப்பது) ஆப்ஜெக்ட் லாக்கும் (குறித்த காலம் வரை அழிக்க விடாத பூட்டு) போட்டு ஒரு பக்கெட் (சேமிப்புப் பெட்டி). அதில் கம்ப்ளையன்ஸ் முறையில் 30 நாள் என்று வைத்தால், அந்த 30 நாளுக்குள் கணக்கின் தலைமை லாகினே வந்தாலும் பழைய பதிப்பை அழிக்க முடியாது. நீங்களும் அழிக்க முடியாது, இடத்துக்குக் காசு ஓடிக்கொண்டிருக்கும். அதனால் எடுத்தவுடன் ஒரு வருஷம் என்று வைத்துவிடாதீர்கள். ஏற்றுவதற்கு கோபியா என்ற இலவச மென்பொருள். உங்கள் கம்ப்யூட்டரிலேயே பூட்டிவிட்டுத்தான் மேலே அனுப்பும்.

திறவுகோல் பதில்:

டிஸ்க் பக்கம் மேலே உள்ளவர் சொன்னது சரி. நான் பாஸ்வேர்டு பக்கம் மட்டும்.

முதலில் கூகுள் கணக்கு. மூன்று பேர் ஒரே லாகினில் இருந்தால் யார் எதை அழித்தார்கள் என்று தெரியாது. ஒருவர் வேலையை விட்டுப் போனால் எல்லோருக்கும் பாஸ்வேர்டு மாற்ற வேண்டும். ஆளுக்கொரு கணக்கு, போல்டரைப் பகிருங்கள். இரண்டடுக்குச் சரிபார்ப்பை ஆன் செய்து, எஸ்எம்எஸ்ஸுக்குப் பதில், போனிலேயே கோடு உருவாக்கும் ஆதென்டிகேட்டர் ஆப் வையுங்கள். சிம்மை ஏமாற்றி வாங்குகிறவனிடம் எஸ்எம்எஸ் போய்ச் சேரும், ஆப் போகாது. கூகுள் 10 பேக்கப் கோடு தரும், ஒவ்வொன்றும் 8 இலக்கம், ஒரு முறைதான் செல்லும். பிரிண்ட் எடுத்துத் தனியாக வையுங்கள். போன் தண்ணீரில் விழுந்த அன்றைக்கு அந்தத் தாள்தான் கதவைத் திறக்கும்.

எக்செல்லுக்குப் பதில், பாஸ்வேர்டுகளைப் பூட்டி வைக்கும் கீபாஸ்எக்ஸ்சி என்ற மென்பொருள். இலவசம், எல்லாம் ஒரே பைலில் இருக்கும். எக்செல்லை சிஎஸ்வி (வெறும் எழுத்துப் பட்டியல் பைல்) ஆகச் சேமித்து அதில் இறக்குமதி செய்யலாம். இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள்: அந்த சிஎஸ்வி, பழைய எக்செல், டிரைவின் குப்பைத்தொட்டி, ஹார்டு டிஸ்க்கின் பழைய காப்பிகள் என்று எல்லாவற்றிலும் அதே பாஸ்வேர்டுகள் பூட்டின்றிக் கிடக்கும். எல்லாக் காப்பியையும் தேடி அழிக்க முடியாது. ஆகவே மாற்றி முடித்ததும் 60 பேரின் பாஸ்வேர்டையும் ஒரு முறை புதிதாக்கிவிடுங்கள். தினம் பத்து என்றால் ஒரு வாரத்தில் முடியும்.

அந்தப் பைலைத் திறக்கும் தலைமைச் சொற்றொடர் நீளமாக இருக்க வேண்டும். பெரிய எழுத்து, சின்ன எழுத்து, ஆச்சரியக்குறி எல்லாம் இரண்டாம்பட்சம். அமெரிக்கத் தர நிர்ணய அமைப்பான நிஸ்ட் 2017 வழிகாட்டியிலேயே, குறிப்பிட்ட இடைவெளியில் மாற்றச் சொல்வதையும் குறியீடுகளைக் கட்டாயமாக்குவதையும் கைவிட்டது. 7776 சொற்கள் கொண்ட பட்டியலை வைத்துக்கொண்டு பகடையை ஐந்து முறை உருட்டினால் ஒரு சொல் கிடைக்கும். அப்படி ஆறு சொற்கள் போதும். நாமாக யோசித்துத் தேர்ந்தெடுக்கக் கூடாது. குறளின் முதல் அடி, சினிமாப் பாட்டு வரி, குலதெய்வத்தின் பெயரோடு பிறந்த வருஷம், இதெல்லாம் நீளமாக இருந்தாலும் வலு கிடையாது. எல்லோருக்கும் தெரிந்த வரியைத் தாக்குகிறவனும் தன் பட்டியலில் வைத்திருப்பான்.

கீபாஸ்எக்ஸ்சியின் பிரவுசர் இணைப்பையும் போடுங்கள். சேமித்த முகவரியில்தான் அது பாஸ்வேர்டை நிரப்பும். ஜிஎஸ்டி போர்ட்டல் மாதிரியே இருக்கிற பக்கத்தில் நிரப்ப மறுத்தால், கையால் டைப் செய்யாதீர்கள். முகவரியை ஒவ்வொரு எழுத்தாகப் பாருங்கள்.

கிராக் செய்த மென்பொருள் ஒன்றுகூட அந்த மூன்று கம்ப்யூட்டரில் இருக்கக் கூடாது. அதனோடு வருகிற திருடன் பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டோடு குக்கியையும் எடுத்துப் போவான். குக்கி போனால், ஏற்கெனவே லாகின் ஆன நிலையே அவன் கைக்குப் போகிறது. ஓடிபி கேட்கவே கேட்காது.

வரவுசெலவு:

மிக்க நன்றி இருவருக்கும். டேலி போல்டரை மாற்றிவிட்டேன். மூன்று சந்தேகம். அப்லோடு வேகம் 20 எம்பிபிஎஸ்தான், 180 ஜிபி ஏறுமா? சில கம்பெனிகளுக்கு டேலிவால்ட் (டேலியின் சொந்தப் பாஸ்வேர்டு பூட்டு) போட்டிருக்கிறோம், பேக்கப்பில் அதற்கு ஏதாவது செய்ய வேண்டுமா? எத்தனை வருஷக் கணக்கு வைத்திருக்க வேண்டும்?

வட்டுக்காவல்:

முதல் முறை முழு வேகம் கிடைத்தால் 20 மணி நேரம். சனி மாலை ஆரம்பித்தால் ஞாயிறு மதியத்துக்குள் முடியும். அதன்பின் மாறியது மட்டும் ஏறும், தினமும் சில நிமிடம். கம்ப்யூட்டர் ஸ்லீப்புக்குப் போகாதபடி அமைப்பை மாற்றிவிட்டு ஆரம்பியுங்கள். பாதியில் நிற்பதற்குப் பெரும்பாலும் அதுதான் காரணம்.

டேலிவால்ட் பாஸ்வேர்டு மறந்தால் அந்த டேட்டாவை மீட்க வழியே இல்லை. பேக்கப் பத்து இருந்தாலும் பத்தும் பூட்டியே இருக்கும். அதனால் அவற்றைக் கீபாஸில் ஏற்றுங்கள். கோபியாவின் பாஸ்வேர்டுக்கும் இதே கதிதான். இதில் ஒரு சிக்கலைக் கவனியுங்கள்: கோபியா பாஸ்வேர்டு கீபாஸில், கீபாஸ் பைல் கோபியா பேக்கப்பில் என்றால், சாவியைப் பெட்டிக்குள் போட்டுப் பூட்டிய மாதிரி. தலைமைச் சொற்றொடர், கோபியா பாஸ்வேர்டு, அமேசான் லாகின் மூன்றையும் தாளில் எழுதி, உறையில் ஒட்டி, கூகுளின் 10 கோடு தாளோடு பேங்க் லாக்கரில் வையுங்கள். ஹார்டு டிஸ்க் இருக்கிற அதே பீரோவில் வேண்டாம்.

வருஷக் கணக்கு: ஜிஎஸ்டிக்கு, அந்த ஆண்டின் ஆண்டு ரிட்டர்ன் தாக்கல் செய்ய வேண்டிய கடைசி நாளிலிருந்து 72 மாதம். கம்பெனிச் சட்டத்தில் பதிவான கிளையன்ட் இருந்தால் இன்னொன்று: மின்னணுக் கணக்குப் புத்தகங்களின் பேக்கப் இந்தியாவில் உள்ள சர்வரில் இருக்க வேண்டும், 2022 ஆகஸ்டு திருத்தத்துக்குப் பிறகு தினசரி எடுக்கவும் வேண்டும். மும்பை மையம் என்று சொன்னது அதற்காகத்தான்.

மாதம் ஒரு முறை ஏதாவது ஒரு கம்பெனியை எடுத்து ரீஸ்டோர் செய்து பாருங்கள். வேறு கம்ப்யூட்டரில், காலியான போல்டரில். நடப்பு டேட்டா இருக்கும் பாதையைக் கொடுத்தால் பழையது புதியதன் மேலே உட்கார்ந்து இன்றைய வேலை போய்விடும். திறந்ததும் ட்ரயல் பேலன்ஸ் மொத்தமும் கடைசி வவுச்சர் எண்ணும் பேக்கப் எடுத்த அன்றைக்குக் குறித்து வைத்ததோடு ஒத்துப்போக வேண்டும். பைல் திறக்கிறது என்பது மட்டும் சோதனை ஆகாது.

திறவுகோல்:

ரான்சம்வேர் கேள்விக்கு ஒன்று விட்டுப்போனது. பைல்களின் பெயர் மாறுவதைப் பார்த்த நொடியே லேன் கேபிளைப் பிடுங்குங்கள், வைஃபையை அணையுங்கள். பதற்றத்தில் நல்ல ஹார்டு டிஸ்க்கைச் செருகிப் பார்க்காதீர்கள், மிச்சம் இருப்பதும் போகும். மிரட்டல் செய்தியைப் போனில் படம் எடுங்கள். சுத்தமான வேறொரு கருவியிலிருந்து கூகுள் பாஸ்வேர்டை மாற்றி, எல்லாக் கருவியிலும் லாகின் நீக்குங்கள். 1930 என்ற எண்ணில் அல்லது தேசிய சைபர் குற்றப் போர்ட்டலில் புகார் கொடுங்கள். நோ மோர் ரான்சம் தளத்தில் சில வகைகளுக்கு இலவசத் திறப்புக் கருவி கிடைக்கும். பணம் பற்றி யோசிக்கும் முன் அங்கே பாருங்கள். கம்ப்யூட்டரை முழுசாக பார்மட் செய்து விண்டோஸைப் புதிதாகப் போட்ட பிறகுதான் பீரோவில் இருக்கும் டிஸ்க்கைச் செருக வேண்டும்.