லாம்ப்1, ராப்7 ஆன்டிபாடிகள்: உங்கள் அனுபவம் என்ன? (லாம்ப்1: செல்லின் செரிமானப் பைகளான லைசோசோம்களின் சவ்வில் இருக்கும் புரதம். ராப்7: அந்தப் பைகளுக்குச் சரக்கு போவதை நடத்தும் புரதம். இவற்றில் ஒட்டி அடையாளம் காட்டும் ஆன்டிபாடிகள் பற்றிச் சிலர் சொன்னது கீழே.)

லாம்ப்1-க்கு வெஸ்டர்ன் பிளாட் (புரதங்களை எடைவாரியாகப் பிரித்து ஆன்டிபாடியால் கண்டுபிடிக்கும் முறை) போடுபவர்கள் 45 கிலோடால்டன் பக்கம் பேண்டைத் தேடாதீர்கள். புரதச் சங்கிலியின் எடைதான் அது. மேலே ஏறியிருக்கும் சர்க்கரைக் கிளைகளால் 90 முதல் 120 வரை இழுபட்ட பட்டையாகத்தான் ஓடும். சந்தேகமா? லைசேட்டில் (செல்களை உடைத்த கரைசல்) ஒரு பங்கை, சர்க்கரைக் கிளைகளை வெட்டும் பிஎன்ஜிஏஸ் எஃப் நொதியுடன் 37 டிகிரியில் 1 மணி நேரம் வைத்து, நொதி போடாத பங்கின் பக்கத்திலேயே ஓட்டுங்கள். பட்டை 45 அருகே இறங்கினால் அது லாம்ப்1 என்று நம்பலாம். புரதத்தைப் பிரித்து விரிக்கும் எஸ்டிஎஸ் டிடர்ஜென்டுடன் கொதிக்கவைத்த பிறகு, நொதிக்கு முன்பே என்பி-40 என்ற மென்மையான டிடர்ஜென்டை 1 சதவீதம் போட்டாக வேண்டும். விட்டுப்போனால் எஸ்டிஎஸ் நொதியை முடக்கிவிடும், பட்டை அசையாது. பழி மட்டும் ஆன்டிபாடி மேல் விழும்.

*

மைக்ரோஸ்கோப் பக்கம் வந்தால், ஆன்டிபாடி செல்லுக்குள் போக வழி செய்ய, லாம்ப்1-க்கு டிரைட்டன் டிடர்ஜென்ட் வேண்டவே வேண்டாம் என்பேன். சவ்வையே கரைப்பதால் லைசோசோம் புள்ளிகள் மங்கிப்போகும். செல்லை அப்படியே நிலைநிறுத்த (ஃபிக்ஸ்) 4 சதவீத பாராஃபார்மால்டிஹைடில் 15 நிமிடம், மிச்சமிருப்பதைச் செயலிழக்கவைக்க 50 மில்லிமோலார் அம்மோனியம் குளோரைடில் 10 நிமிடம், பிறகு சவ்வில் துளை போட 0.1 சதவீத சப்போனின். சப்போனின் போட்ட துளை நிலைக்காது. அதனால் முதல் ஆன்டிபாடி (புரதத்தில் ஒட்டுவது), இரண்டாம் ஆன்டிபாடி (முதலாவதில் ஒட்டி ஒளிர்வது), நடுவில் கழுவும் பஃபர் எல்லாவற்றிலும் அது இருக்கணும். கழுவலில் விட்டுவிட்டால், அடுத்து ஊற்றும் ஆன்டிபாடி உள்ளே போகாது.

*

ராப்7-இல் தொல்லை வேற மாதிரிங்க. அதில் ஒரு பங்கு ஜிடிஐங்கிற துணைப் புரதத்தோடு சேர்ந்து சைட்டோசாலில் (செல்லின் உள்திரவம்) மிதக்கும், செல் முழுக்க மூட்டமா தெரியும். ஃபிக்ஸ் பண்றதுக்கு முன்னாடியே 0.05 சதவீத சப்போனினை 80 மில்லிமோலார் பைப்ஸ் பஃபரில் (பிஎச் 6.8) கலந்து 5 நிமிடம் விட்டால் மிதக்கிறது வெளியேறிடும், சவ்வில் ஒட்டினது மட்டும் நிற்கும். ஜிஎஃப்பி (பச்சையா ஒளிரும் புரதம்) ஒட்டிய ராப்7-ஐ அதிகமா உருவாக்கி, ஆன்டிபாடி அதோட பொருந்துதுன்னு காட்டுறதை நான் சான்றா ஏத்துக்க மாட்டேன். அவ்வளவு புரதம் இருந்தா சுமாரான ஆன்டிபாடியும் பொருந்தும். எஸ்ஐஆர்என்ஏ (ராப்7 உருவாவதைக் குறைக்கும் சிறு ஆர்என்ஏ) போட்டு 72 மணி நேரம் கழிச்சு பேண்டும் புள்ளிகளும் சேர்ந்தே குறையுதான்னு பாருங்க. ராப்7 மரபணுவையே நீக்கின நாக்அவுட் செல் கிடைச்சா இன்னும் நல்லது.

*

குளோன் (ஒரே செல் வழியில் வந்த ஆன்டிபாடி வகை) விஷயம் ஒன்று: எச்4ஏ3 மனித லாம்ப்1-க்கு, 1டி4பி சுண்டெலியினுடையதற்கு (மவுஸ்). 1டி4பி, ராட் (பெரிய எலி) உடலில் உருவான ஆன்டிபாடி. மவுஸில் உருவான ஆன்டிபாடியோடு சேர்த்துப் போட்டால், ஒன்றுக்கானது மற்றதில் குறுக்கே ஒட்டாதபடி உறிஞ்சி நீக்கிய இரண்டாம் ஆன்டிபாடிகளையே வாங்குங்கள். ஒவ்வொன்றையும் தனியாகப் போட்ட ஸ்லைடும் கட்டாயம் வேண்டும்.