காட்டுத்தீயும் புதன்கிழமை மீட்டிங்கும்: உங்கள் அனுபவம் என்ன?

தரமணி ஸ்காலர்:

எங்கள் ஆய்வுக்குழு மீட்டிங்கை ஏற்பாடு செய்வது என் தலையில். யார் எந்த வாரம் பேசணும், மினிட்ஸ் யார் எழுதணும், வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு எந்த நேரம் ஒத்துவரும், எல்லாம் ஒரே ஷீட். சம்பளமும் கிடையாது, பேப்பரில் பெயரும் வராது. 2025 ஜனவரியில் கலிஃபோர்னியாவில் காட்டுத்தீ வந்தபோது இந்த எடுபிடி வேலைதான் உதவியது.

எங்கள் சீனியர் அக்கா கலிஃபோர்னியாவின் பாசடினாவில் போஸ்ட்டாக், அதாவது பிஎச்.டி முடித்துவிட்டு ஆய்வு வேலை. வாடகை வீடு பக்கத்து ஊரான ஆல்டடீனாவில். குளிர்காலத்தில் அவர்கள் நமக்குப் பதின்மூன்றரை மணி நேரம் பின்னால். நமக்குப் புதன் காலை 8.30 என்றால் அவருக்குச் செவ்வாய் இரவு 7. ஜனவரி 8 அன்று ஜூமில் வந்தவர் வணக்கம்கூடச் சொல்லாமல் லேப்டாப்பை ஜன்னல் பக்கம் திருப்பினார். தூரத்தில் மலை எரிந்துகொண்டிருந்தது. ஊருக்குப் பக்கத்து மலைப் பள்ளத்தாக்கான ஈட்டன் கேன்யனில் தீ பற்றி முக்கால் மணி நேரம்கூட ஆகவில்லை. முதல் ஸ்லைடோடு உட்கார்ந்திருந்த ஜூனியர் பையன், "சார், நான் கன்டினியூ பண்ணட்டுமா?" என்றான். பாவம், செமஸ்டர் முழுக்கக் காத்திருந்து கிடைத்த முறை.

மீட்டிங்கை முடித்தோம், லிங்கை மட்டும் மூடவில்லை. சான்டா ஆனா என்று அங்கே சொல்லும் வறண்ட மலைக்காற்று அன்று அடித்த அடியில் தண்ணீர் கொட்டும் விமானங்களே பறக்க முடியவில்லை. ஊர் நடுவே போகும் லேக் அவென்யூ சாலைக்குக் கிழக்கே இருந்தவர்களுக்கு மாலையே வெளியேறச் சொல்லிவிட்டார்கள். அக்கா இருந்த மேற்குப் பக்கத்துக்கு அந்த உத்தரவு வந்தது விடிகாலை மூன்று மணிக்கு மேல். அங்கே நடுராத்திரி, இங்கே பட்டப்பகல். லேபில் உட்கார்ந்து காட்டுத்தீ நிலவரம் சொல்லும் வாட்ச் ட்யூட்டி ஆப்பைப் பார்த்துக்கொண்டிருந்த நாங்கள்தான் "அக்கா, உத்தரவுக்காகக் காத்திருக்காதீங்க, கிளம்புங்க" என்று நச்சரித்தோம். எங்களுடையது ரிமோட் சென்ஸிங் லேப் என்பதால் செயற்கைக்கோளில் பார்த்திருக்கலாமே என்று சிலர் கேட்டார்கள். செயற்கைக்கோளில் இருந்து தீயைக் காட்டும் வியர்ஸ் கருவியின் படத்தில் ஒரு புள்ளியே தரையில் 375 மீட்டர். அடுத்த முறை அது தலைக்கு மேல் வருவதற்குள் தெருவே போய்விடும். அன்றைக்கு அது உதவாது.

அக்கா கிளம்பியபோது பாஸ்போர்ட்டும் லேப்டாப்பும் கையில் இருந்தன. வீடு போய்விட்டது.

பிறகு வந்ததுதான் பெரிய வேலை. வாடகைக்கு இருப்பவர்களுக்கான இன்ஷூரன்ஸ் அக்காவிடம் இருந்தது. ஆனால் வீட்டில் என்னென்ன இருந்தது, எப்போது வாங்கியது, என்ன விலை என்று பட்டியல் கேட்டார்கள். தூங்காத மனுஷி எதை ஞாபகம் வைத்துச் சொல்வார்? அப்போதுதான் மீட்டிங் ரெக்கார்டிங்குகள் நினைவுக்கு வந்தன. அத்தனை புதன்கிழமையும் அவருக்குப் பின்னால் அவர் வீடு தெரிந்திருக்கிறதே! ஆளுக்குக் கொஞ்சம் பிரித்துக்கொண்டு ஓட்டிப் பார்த்தோம். புத்தக அலமாரி, ஸ்டாண்டில் கீபோர்டு, தண்ணீர் குடிக்க எழுந்தபோது கதவு வழியே தெரிந்த வெட் கிரைண்டர். ஸ்க்ரீன்ஷாட், தேதி, தோராய விலை என்று ஷீட்டில் ஏற்றினோம். கைடுகூட ஒரு ரெக்கார்டிங் பார்த்து, ரைஸ் குக்கரைக் கண்டுபிடித்தார். ஜனவரி 13 போகி வேறு. ஊரெல்லாம் டயர் புகை, நாங்கள் இருமிக்கொண்டே அக்காவிடம் "என்95 போடாம சாம்பல் பக்கம் போகாதீங்க" என்று உபதேசம்.

பணம் என்று வந்தபோது ஒதுங்கிக்கொண்டோம். இங்கிருந்து எல்.ஆர்.எஸ் வழியில், அதாவது தனிநபர் வெளிநாட்டுக்குப் பணம் அனுப்ப ரிசர்வ் வங்கி வைத்திருக்கும் திட்டத்தில், டாலர் அனுப்பலாம், தடையில்லை. ஆனால் அதற்கு வங்கியில் கொடுக்கும் ஏ2 படிவம், வங்கிக் கட்டணம் எல்லாம் சேர்த்தால் ஸ்காலர்ஷிப்பில் வாழ்கிறவன் கொடுக்கும் ஐம்பது டாலருக்குக் கட்டுப்படியாகாது. அங்கிருக்கும் பழைய மாணவர்கள் கொடுத்தார்கள், கணக்கு மட்டும் நாங்கள் பார்த்தோம்.

கலிஃபோர்னியாவாசி:

நல்ல வேலை. ஒன்று சேர்க்கிறேன். அமெரிக்க அரசாங்கத்தின் பேரிடர் அமைப்பான ஃபெமா கொடுக்கும் பண உதவி, மாணவர் விசா, எச்1பி வேலை விசா, ஜே1 என்ற ஆய்வாளர் பரிமாற்ற விசா ஆட்களுக்குக் கிடையாது. தங்குமிடம், சாப்பாடு மாதிரி உடனடி உதவிகளுக்கு விசா கேட்க மாட்டார்கள். அங்கேயே பிறந்த குழந்தை இருந்தால் குழந்தையின் பெயரில் பெற்றோர் விண்ணப்பிக்கலாம். நம் ஆட்களில் நிறையப் பேருக்கு இது தெரியாது. நான் தன்னார்வலராகப் போன இடத்தில் ஒரு தம்பதி, நமக்கு எதுவும் இல்லை என்று திரும்பிப் போய்க்கொண்டிருந்தார்கள், கையில் பாசடினாவில் பிறந்த பாப்பா. கூப்பிட்டு உட்கார வைத்தேன்.

அப்புறம், தயவுசெய்து பழைய துணி அனுப்பாதீர்கள். பல மையங்கள் "துணி போதும்" என்று போர்டே வைத்தன.

சைதாப்பேட்டை:

துணி கதை எங்களுக்குத் தெரியாததா? 2015 டிசம்பர் வெள்ளத்தில் எங்கள் தெருவில் வந்து குவிந்த பேண்ட் சட்டையை யாரும் சீந்தவில்லை. பாயும் பெனாயிலும்தான் கேட்டார்கள். அந்தத் தடவை அரசாங்கம் செய்த உருப்படியான காரியம், தண்ணீரில் போன சர்டிஃபிகேட்டுகளுக்கு நகல் கொடுக்க ஸ்பெஷல் கேம்ப் போட்டது. பள்ளிச் சான்றிதழ், பட்டா எல்லாம் அதில் மனு கொடுக்கலாம். என் தங்கையின் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட் அப்படித்தான் வந்தது. ஸ்காலர் தம்பி, உங்க அக்காவோட டிகிரி சர்டிஃபிகேட் என்ன ஆச்சு?

போடிக்காரன்:

2018 மார்ச் 11, ஞாயிறு. நான் சென்னையில் எம்.எஸ்சி. குரங்கணி மலையில் தீயில் சிக்கியவர்களில் சென்னையிலிருந்து ட்ரெக்கிங் போனவர்கள் பலர். சொந்த ஊர் போடி என்பதால் ஹாஸ்டலே என் ரூமுக்கு வந்துவிட்டது. சித்தப்பா போடி ஜி.எச் வாசலில் நின்றார். காயம்பட்டவர்களைத் தேனிக்கும் மதுரைக்கும் மாற்றிக்கொண்டே இருந்தார்கள். ஒரே பெயர் இரண்டு பட்டியலில் வரும். எந்தப் பெண் எந்த ஆஸ்பத்திரியில் என்று தெரியாமல் பெற்றோர்கள் போனில் அழுவார்கள். லேப் அட்டெண்டன்ஸ் நோட்டின் பின்பக்கத்தில் பெயர், அப்பா பெயர், வயது, கடைசியாகப் பார்த்தவர் யார், எத்தனை மணிக்கு என்று கோடு போட்டு எழுதினேன். எத்தனை மணிக்கு என்ற கட்டம் இல்லாத பட்டியலை நம்பாதீர்கள். காலையில் சரியாக இருந்தது மதியம் தப்பாகிவிடும். 20 பேருக்கு மேல் இறந்துபோனார்கள். அந்த நோட்டைப் பிறகு லேபில் திருப்பிக் கொடுக்க மனசு வரவில்லை.

தரமணி ஸ்காலர்:

போடி அண்ணா, அந்த நேரக் கட்டம் எங்கள் ஷீட்டில் இல்லை. இன்றே சேர்க்கிறேன்.

சைதாப்பேட்டை அண்ணன் கேட்ட டிகிரி சர்டிஃபிகேட் தனிக் கூத்து. நகல் வேண்டும் என்று பல்கலைக்கழக அலுவலகத்துக்குப் போனால், "காணாமல் போனது, கண்டுபிடிக்க முடியவில்லை" என்று போலீஸிடம் எழுதி வாங்கி வரச் சொன்னார்கள். காணாமல் போகல சார், எரிஞ்சு போச்சு என்றேன். "எந்த ஸ்டேஷன் லிமிட்?" என்றார் அந்த செக்‌ஷன்காரர், நிஜமாகவே பேனாவை எடுத்துக்கொண்டு. ஆல்டடீனா என்றதும் நிமிர்ந்து பார்த்தார். கலிஃபோர்னியா தீயணைப்புத் துறை ஒவ்வொரு விலாசத்துக்கும் சேத விவரத்தை மேப்பில் போட்டிருந்தது. அக்கா வீட்டு விலாசத்தில் முழுச் சேதம் என்று இருந்த பக்கத்தைப் பிரின்ட் எடுத்து, அஃபிடவிட் இணைத்து, மூன்று செட் ஜெராக்ஸோடு மறுபடி நின்றேன். அவர் டீ சொல்லிவிட்டு என்னை உட்கார வைத்து முழுக் கதையையும் கேட்டார். அப்புறம் அவரே மனுவைத் திருத்திக் கொடுத்தார்.

நகல் வந்துவிட்டது. அக்காவின் அப்பா போய் வாங்கி வந்து மயிலாப்பூர் வீட்டு பீரோவில் வைத்திருக்கிறார். கூரியரில் அனுப்பட்டுமா என்று கேட்டேன். "ஸ்கேன் பண்ணி அனுப்பு, பேப்பர் இங்கேயே இருக்கட்டும்" என்று அக்காவின் அம்மா சொல்லிவிட்டார்.